ஆறு பேர் காவல், ஐந்து பேர் பாய்ச்சல்

தொலைக்காட்சித் திரையில் இந்தப் பக்கம் பதினொரு பேர், அந்தப் பக்கம் பதினொரு பேர். ஓடிக்கொண்டிருப்பது 'மேடன்' என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம். கன்ட்ரோலரைக் கையில் பிடித்திருப்பவர், பந்தை எறிய வேண்டிய குவாட்டர்பேக்கை இயக்குகிறார். அவரைக் காக்க ஆறு பேர் முன்னால் நிற்கிறார்கள். எதிரணியிலிருந்து பாய்ந்து வருபவர்களோ ஐந்தே பேர். ஆளுக்கு ஒருவரை மடக்கினாலும் கையில் ஒருவர் உபரி. ஆனால் பந்து கைக்கு வந்து இரண்டு நொடி ஆவதற்குள், யார் கையிலும் சிக்காத ஒரு தடியன் நேராக வந்து குவாட்டர்பேக்கைத் தரையோடு அமுக்குகிறான். அடுத்த முறையும் அதே கதை. மூன்றாம் முறை கன்ட்ரோலர் சோபாவில் போய் விழுகிறது.

ஆறில் ஐந்து போனால் மிச்சம் ஒன்று. அந்த மிச்சம் எப்படி எதிரணிக் கணக்கில் வரவானது?

வீடியோ கேம் ஆடுபவர்கள் இதற்குச் சட்டென்று சொல்லும் பதில், "கேம் ஏமாற்றுகிறது" என்பது. அது பாதிகூட உண்மையில்லை. விடை தேடிப் போனால் வழியில் ஒரு கல்யாணப் பந்தி, சிறுவர்கள் புளியங்கொட்டையை வைத்து ஆடும் ஆட்டம், 1928இல் எழுதப்பட்ட ஒரு கணித ஆய்வு எல்லாம் எதிர்ப்படுகின்றன.

முதலில் ஆட்டம். அமெரிக்கக் கால்பந்தில் பந்துக்குக் காலோடு உறவு குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். முன்னால் ஓடும் தோழருக்கு எறியலாம். 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு. நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் தள்ளிவிடும் கணத்துக்கு 'ஸ்னாப்' என்று பெயர். அதற்கு முன் எல்லோரும் கிட்டத்தட்டச் சிலைகள். அதற்குப் பின் நாலைந்து நொடிக் களேபரம். பிறகு மீண்டும் சிலைகள். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் நேரம் இருப்பதுபோல இங்கேயும் உண்டு. அந்த இடைவெளியில்தான் இரு தரப்பும் அடுத்த தந்திரத்தைத் தேர்ந்தெடுக்கின்றன, எதிரி என்ன தேர்ந்தெடுத்தான் என்று தெரியாமலே.

பந்து எறியும் அணியில் ஐந்து பேர் முன்வரிசைத் தடுப்பாளர்கள். எறியப்படும் பந்தைப் பிடிக்க விதிப்படி அவர்களுக்கு உரிமை இல்லை, தடுப்பதே வேலை. மற்ற ஐந்து பேர் பந்தைப் பிடிக்க ஓடலாம். அவர்களில் ஒருவரை நிறுத்திக்கொண்டால் தடுப்பாளர் ஆறு. தடுக்கும் அணி வழக்கமாக நான்கு பேரைக் குவாட்டர்பேக்கின் மேல் ஏவிவிட்டு, ஏழு பேரைப் பின்னால் காவலுக்கு வைத்துக்கொள்ளும். ஐந்து பேரோ அதற்கு மேலோ பாய்ந்தால் அது பிளிட்ஸ். ஜெர்மன் மொழியில் மின்னல் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின் மின்னல் போர்முறையிலிருந்து ஆடுகளத்துக்கு வந்த சொல். அதற்கு முன்பு இதே வேலைக்கு 'ரெட் டாக்' என்று ஒரு பெயரும் வழக்கில் இருந்தது. செந்நாய் போய் மின்னல் வந்தது.

பிளிட்ஸில் இலவசம் எதுவுமில்லை. முன்னால் கூடுதலாக ஒருவரை அனுப்பினால் பின்னால் ஒருவர் குறைவார். குவாட்டர்பேக்குக்கு நேரம் குறையும், பந்து எறிய இடம் கூடும். இரண்டில் எது முந்துகிறது என்பதுதான் பந்தயம்.

அந்தப் பந்தயத்தை நொடிக்கணக்கில் அளக்கலாம். தொழில்முறை ஆட்டத்தில் ஸ்னாப் முதல் எறிவது வரை சராசரியாக இரண்டரை நொடிக்குச் சற்று மேல் ஆகிறது. வேகமான தடுப்பாட்டக்காரர் நின்ற இடத்திலிருந்து முதல் 10 யார்டைக் கடக்க ஒன்றரை நொடிக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொள்வார். குவாட்டர்பேக் நிற்பது அதைவிடக் கிட்டத்தில்தான். ஆக, எவரும் மடக்காவிட்டால் பாய்பவர் இரண்டு நொடிக்குள் வந்து சேர்ந்துவிடுவார். பந்து பிடிக்க ஓடுபவரோ 20 யார்டு தாண்டவே இரண்டரை நொடிக்கு மேல் வேண்டும். நீண்ட எறி எறிய நினைப்பவருக்குக் கணக்கு உதைக்கிறது. எறிவதற்குள் குவாட்டர்பேக்கை வீழ்த்திவிட்டால் அது 'சேக்'. அந்தச் சொல்லைப் பரப்பியவர் 1960களின் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர் டீக்கன் ஜோன்ஸ். தேசியக் கால்பந்து லீக் அதை ஆட்டக்காரர் கணக்கில் அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியதோ 1982இல்தான். ஜோன்ஸ் வீழ்த்தியவர்கள் எல்லாம் அவருடைய அதிகாரபூர்வக் கணக்கில் ஏறாமலே போனார்கள்.

இனி ஆறில் ஐந்து புதிர். கல்யாணப் பந்தியில் இரண்டு வரிசை, பரிமாற ஆறு பேர். கூட்டிப் பார்த்தால் போதும் போதும் என்கிற அளவுக்கு ஆள் இருக்கிறது. ஆனால் நான்கு பேர் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த வரிசையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், அடுத்த வரிசையில் இலை காயும். மொத்தத்தில் எத்தனை பேர் என்பதைவிட, வேண்டிய இடத்தில் எத்தனை பேர் என்பதே கேள்வி.

பாய்கிற ஐந்து பேரில் மூவர் இடப்பக்கம், இருவர் வலப்பக்கம் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தடுப்பாளர் ஆறு பேரில் இடப்பக்கம் இருவர், வலப்பக்கம் நால்வர். வலப்பக்கத்தில் இரண்டு பேரை நான்கு பேர் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க, இடப்பக்கத்தில் மூன்று பேருக்கு இரண்டே பேர். மூன்றாமவன் சும்மா நடந்தே போகலாம். மொத்தக் கணக்கில் சிறுபான்மையாக இருப்பவர்கள் ஒரு மூலையில் மட்டும் பெரும்பான்மை ஆகிவிடுகிறார்கள். இதை 'ஓரப் பெரும்பான்மை' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பயிற்சியாளர்கள் வாயில் இது 'ஓவர்லோட்'.

அப்படியானால் தடுப்பாளர்கள் ஏன் இடம் மாறி நிற்பதில்லை? நிஜ மைதானத்தில் மாறுகிறார்கள். பந்தைத் தள்ளிவிடும் நடு ஆட்டக்காரர் குனிவதற்கு முன் எதிரே ஒருவரைச் சுட்டி எண்ணைக் கத்துவதைத் தொலைக்காட்சியில் கேட்கலாம். "அவன்தான் நடு லைன்பேக்கர், அவனை வைத்து மற்றவர்களை எண்ணிக்கொள்ளுங்கள்" என்பது அதன் பொருள். (தடுக்கும் அணியில் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்பவர் லைன்பேக்கர்.) எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று எல்லோருக்கும் ஒரே புள்ளி கிடைத்துவிட்டால், யார் யாரைப் பிடிப்பது என்பது கணப்பொழுதில் முடிவாகிவிடும். இதைக் குலைக்கத்தான் தடுக்கும் அணி பாடுபடுகிறது. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக 2014 முதல் 2021 வரை இருந்த மைக் ஜிம்மர், நடு ஆட்டக்காரரின் இரு தோள்களுக்கும் எதிரே இரண்டு லைன்பேக்கர்களைக் கொண்டுவந்து நிறுத்துவார். இருவரும் பாயலாம், ஒருவர் பாயலாம், இருவருமே திரும்பிப் பின்னால் ஓடிவிடலாம். ஆனால் தடுப்பாளர்கள் இருவரையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். நடுவில் கண் போனால் ஓரம் திறந்துவிடும்.

வீடியோ கேமில் அந்தக் கத்தலும் எண்ணிக்கையும் நிரலின் வேலை. கணினி விளையாட்டுகளில் பரவலாகக் கையாளப்படும் ஒரு முறைக்கு 'நிலைமாறு பொறி' என்று பெயர் வைக்கலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சில நிலைகள்: தேடு, பிடி, தள்ளு, அருகிலிருப்பவனுக்கு உதவு. எந்த நிலையிலிருந்து எதற்குப் போவது என்று விதிகள். "எதிரே ஆள் நின்றால் அவன் உன் பொறுப்பு, இல்லையென்றால் உட்பக்கம் பார், அங்கும் இல்லையென்றால் பக்கத்துக்காரனுக்குக் கைகொடு." திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் இரண்டு நொடியில் 120 படங்கள். அந்த 120 படங்களுக்குள் இருபத்திரண்டு பேருக்கும் நிரல் முடிவெடுத்தாக வேண்டும். ஆகவே விதிகள் எளிமையாக இருக்க வேண்டும். எளிய விதிக்கு ஒரு குணம் உண்டு: ஒரே நிலைமையைக் கொடுத்தால் ஒரே பதிலைத் தரும்.

இங்கேதான் மேடன் ஆட்டக்காரர்கள் 'நானோ பிளிட்ஸ்' என்று அழைக்கும் வித்தை நுழைகிறது. ஸ்னாப்புக்கு முன் ஒரு லைன்பேக்கரை இரண்டு அடி நகர்த்தி நிறுத்துகிறார்கள். பாயப்போகும் தங்கள் முன்வரிசையை நெருக்கி நிற்க வைக்கிறார்கள். இரண்டு தடுப்பாளர்களின் விதியும் ஒரே ஆளைக் கைகாட்டும்படி அந்த நிற்கும் கோலத்தை அமைத்துவிட்டால், இருவரும் போய் அவனையே பிடிப்பார்கள். அவர்களுக்கு நடுவே வாசல் திறந்து கிடக்கும். தடுப்பாளனின் பலம், திறமைக்கு 99 வரை கொடுக்கும் மதிப்பெண், எதுவும் அப்போது உதவாது. பிடிக்கப் போனால்தானே பலம்? பூட்டை உடைக்கவில்லை, பூட்டின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டு ஊசியால் திறக்கிறார்கள்.

எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதுதான் இதில் சுவையான பகுதி. கேமில் பயிற்சி முறை என்று ஒன்று உண்டு. அதில் எதிரணி ஆட்டத்தையும் நாமே தேர்ந்தெடுத்து, ஒரே காட்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் அங்கே குடியிருக்கிறார்கள். 'லேப்' போடுவது என்றே அதற்குப் பெயர். ஒரு தடவை லைன்பேக்கரை மட்டும் நகர்த்துவார்கள், மற்றதெல்லாம் அப்படியே. அடுத்த தடவை முன்வரிசையை மட்டும். பிறகு எதிரணி ஆறாவது தடுப்பாளரை நிறுத்தினால் என்னவாகிறது என்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றைத் தொடாதே, திரும்பத் திரும்பச் செய்து எண்ணு என்று கல்லூரி ஆய்வகத்தில் சொல்லிக்கொடுப்பதையே, சோபாவில் கால் நீட்டிக்கொண்டு இவர்கள் செய்கிறார்கள். மூன்று முறை ஓட்டி மூன்று முறையும் பலித்ததால் துள்ளிக் குதிப்பவர்களும் உண்டு. நாணயத்தை மூன்று முறை சுண்டினாலும் எட்டில் ஒரு வாய்ப்பு, மூன்றும் தலையாக விழ. இருபது முறை ஓட்டிப் பார்ப்பவர்தான் போட்டியில் ஜெயிக்கிறார்.

நிரல் எழுதுபவர்கள் சும்மா இருப்பார்களா? இணையம் வழியே திருத்தம் வரும். ஒரு வாசல் அடைபடும். லேப் போடுபவர்கள் அடுத்ததைத் தேடுவார்கள்.

இந்த வம்பெல்லாம் ஒரு மனிதரின் பிடிவாதத்தால் வந்தது. 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கிய டிரிப் ஹாக்கின்ஸ் 1984இல் ஜான் மேடனைப் பார்க்க ரயிலேறினார். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் முன்னாள் பயிற்சியாளரும் தொலைக்காட்சி வர்ணனையாளருமான மேடன் விமானம் ஏறமாட்டார். ஊர்விட்டு ஊர் ரயிலில்தான். அந்தக் காலக் கணினியில் அணிக்கு ஆறேழு பேரை வைத்து ஆட்டத்தை முடித்துவிடலாம் என்பது நிறுவனத்தின் எண்ணம். பதினொரு பேர் இல்லாவிட்டால் அது கால்பந்தே இல்லை, என் பெயர் அதில் வராது என்றார் மேடன். ஆட்டம் வெளிவர 1988 ஆகிவிட்டது, 'ஆப்பிள் இரண்டு' கணினிக்கு. நான்கு வருடத் தாமதம் நிறுவனத்துக்கு வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் மேடன் சொன்னதில் கணக்கு இருந்தது. ஆட்களைக் குறைத்தால் யாரை யார் பிடிப்பது என்ற சிக்கலே சப்பென்று ஆகிவிடும். யாரை அனுப்புவது, யாரை நிறுத்துவது என்ற தேர்வுகளும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்கு நேர்மாறாக 1997இல் ஆர்கேடுகளுக்கு வந்த 'என்.எஃப்.எல். பிளிட்ஸ்' அணிக்கு ஏழு பேர் போதும் என்றது. பெயரிலேயே பிளிட்ஸ் இருந்த அந்த ஆட்டத்தில் பிளிட்ஸின் நுணுக்கத்துக்கு இடம் குறைவு. அடிதடிக்கு இடம் நிறைய. அதுவும் நன்றாகத்தான் விற்றது.

எத்தனை பேர் பாய்கிறார்கள் என்பதைவிட யார் பாய்கிறார்கள் என்பதை மாற்றி ஏமாற்றும் வழி ஒன்று நிஜ மைதானத்தில் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் தடுப்புப் பயிற்சியாளர் சக் ட்ரூலிஸ், கடைசிக் காவலராகப் பின்னால் நிற்க வேண்டிய 'சேஃப்டி' லாரி வில்சனையே முன்னால் பாயவிட்டார். கடைக்கோடிக் காவலர் வாசலுக்கு வந்துவிடுவார் என்று அப்போது எவரும் எதிர்பார்க்கவில்லை. (இரண்டு கைகளிலும் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஆடி, எதிரணி எறிந்த பந்தைப் பறித்தவர் இந்த வில்சன். 1965இல் நடந்தது.) 1980களில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் டிக் லெபோ இன்னொரு படி போனார். வழக்கமாகப் பாயும் முன்வரிசைப் பெருந்தடியரைப் பின்னால் காவலுக்கு ஓடவிட்டு, வழக்கமாகக் காவல் காப்பவரைப் பாயவிட்டார். பாய்பவர்கள் நான்கைந்து பேர்தான். எந்த நான்கைந்து பேர் என்பதுதான் மாறிப்போனது. இதற்கு 'ஸோன் பிளிட்ஸ்' என்று பெயர். தமிழில் வட்டாரக் காவலோடு பாய்ச்சல் எனலாம். தடியரைப் பிடிக்கக் காத்திருந்த தடுப்பாளர் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வேறு பக்கத்தில் ஓரப் பெரும்பான்மை உருவாகியிருக்கும். பின்னால் ஆள் குறையவுமில்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி 1990களில் இதை ஆடிய ஆட்டத்தில் ஊருக்கே 'பிளிட்ஸ்பர்க்' என்று பெயர் விழுந்தது.

நிஜ ஆட்டத்தில் இதெல்லாம் நடந்ததை எப்படி அளப்பது? வெகுகாலம் பயிற்சியாளர்கள் படச்சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். 2014 முதல் ஆட்டக்காரர்களின் தோள் கவசத்துக்குள் ரேடியோச் சில்லுகள் வந்துவிட்டன. ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்பது நொடிக்குப் பத்து முறை பதிவாகிறது. அந்தத் தரவைப் பொதுமக்களுக்குக் கொடுத்து லீக் ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறது. 2023இல் கொடுத்த தலைப்பு, முன்வரிசைத் தடுப்பும் பாய்ச்சலும்தான். ஒரு காலத்தில் கேம்தான் மைதானத்தைப் பார்த்துக் காப்பியடித்தது. இப்போது மைதானமே கேம்போல ஆயத்தொலைவுகளாகப் பதிவாகிறது.

இதுவரை பேசியது நிரல் என்ற எதிரியைப் பற்றி. எதிர்முனையிலும் ஒரு மனிதர் கன்ட்ரோலரோடு உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் வேறு.

சிறுவர்கள் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்பார்கள். சரியாகச் சொன்னால் கொட்டை அவனுக்கு. எப்போதும் ஒத்தையே வைக்கும் பையன் பத்தே நிமிடத்தில் ஓட்டாண்டி. ஒத்தை, ரெட்டை, ஒத்தை, ரெட்டை என்று மாற்றி மாற்றி வைப்பவனுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கலாம். தப்பிக்க ஒரே வழி, அடுத்து என்ன வைக்கப்போகிறோம் என்பது வைப்பவனுக்கே கொஞ்ச நேரம் முன்புவரை தெரியாமல் இருப்பது.

1989இல் நிண்டெண்டோ பெட்டிக்கு வந்த 'டெக்மோ பவுல்' இதை அப்பட்டமாகச் செய்தது. பந்து எறியும் அணிக்கு மொத்தமே நான்கு திட்டங்கள். தடுப்பவர் செய்ய வேண்டியது, அந்த நான்கில் எதிராளி எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று ஊகித்துப் பொத்தானை அழுத்துவது. ஊகம் சரியாக இருந்தால் தடுப்பு வரிசை சரிந்து, பாய்பவர்கள் மொய்த்துவிடுவார்கள். நான்கு திட்டமும் ஒரே பலன் தருமானால் நான்கையும் சமமாகக் கலந்து ஆடுவதே சரி. ஆனால் ரெய்டர்ஸ் அணியில் போ ஜாக்சன் பந்தோடு ஓடுவது மற்ற எதையும்விடப் பயங்கரம். பலன் சமமில்லாதபோது எந்த விகிதத்தில் கலப்பது?

ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் 1928இல் இதற்குப் பொது விடை கொடுத்தார். ஒருவர் பெறுவது அப்படியே மற்றவர் இழப்பாக இருக்கும் இருவர் ஆட்டம் எதுவானாலும், இரு தரப்புக்கும் ஒரு சரியான கலவை உண்டு. அந்தக் கலவையில் ஆடுபவரை எதிராளி எந்தத் தந்திரத்தாலும் அதற்குமேல் சுரண்ட முடியாது என்று நிறுவினார். இதற்குத் தமிழில் 'கலப்பு உத்தி' என்று பெயர்.

சமன்பாடு இல்லாமல் ஓர் உதாரணம் பார்க்கலாம்; எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. தடுப்பவருக்கு இரண்டு வழி: பிளிட்ஸ் அல்லது பொறுமைக் காவல். எறிபவருக்கு இரண்டு: நீண்ட எறி அல்லது சட்டென்று ஒரு குறுகிய எறி. பிளிட்ஸுக்கு எதிரே நீண்ட எறி முயன்றால் சராசரியாக 6 யார்டு நட்டம். பிளிட்ஸுக்கு எதிரே குறுகிய எறி 10 யார்டு லாபம், பின்னால் ஆள் இல்லையே. பொறுமைக் காவலுக்கு எதிரே நீண்ட எறி 12, குறுகிய எறி 3.

எப்போதும் பிளிட்ஸ் ஆடினால் எதிராளி குறுகிய எறியிலேயே பத்துப் பத்தாக அள்ளிக்கொண்டு போவார். எப்போதும் பொறுமை என்றால் நீண்ட எறியில் பன்னிரண்டு பன்னிரண்டாக. 100 ஆட்டத்தில் 36 முறை பிளிட்ஸ், 64 முறை பொறுமை என்று முன்பின் தெரியாமல் கலந்தாலோ, எதிராளி நீண்ட எறி எறிந்தாலும் குறுகிய எறி எறிந்தாலும் சராசரி ஐந்தரை யார்டுதான். இழப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஒரு ஆட்டக்காரர்கூட வேகமாக ஓடவில்லை, ஒருவர்கூடப் பலசாலி ஆகவில்லை. எதிராளிக்குத் தெரியாத ஒன்று இருந்ததே போதுமாக இருந்தது. பிளிட்ஸ் ஆடாத 64 ஆட்டங்களிலும் பிளிட்ஸ் வேலை செய்துகொண்டிருக்கிறது.

எதிராளி பயிற்சி எடுத்து, பிளிட்ஸுக்கு எதிரான குறுகிய எறியில் தேர்ந்துவிட்டார். 10 யார்டு கிடைத்த இடத்தில் இப்போது 14 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி அவர் குறுகிய எறியை அதிகம் எறிவாரா, குறைவாகவா? அதிகம் என்றுதான் யாரும் சொல்வார்கள். கணக்கு மாறாகச் சொல்கிறது. முன்பு 100க்கு 72 முறை குறுகிய எறி எறிவது சரியான கலவை. இப்போது 62 முறைதான். அவருடைய புதுத் திறமைக்கு அஞ்சித் தடுப்பவர் பிளிட்ஸை 36இலிருந்து 31ஆகக் குறைப்பார். நீண்ட எறிக்கு இடம் கிடைக்கும். சராசரி லாபம் ஐந்தரையிலிருந்து ஆறே காலுக்கு மேல் ஏறும். ஆயுதம் கூர்மையானால் அதை எடுக்கும் தடவை குறைகிறது; உறையில் இருந்தபடியே அது சம்பாதிக்கிறது.

மனிதர்கள் நிஜமாகவே இப்படி ஆடுகிறார்களா? பொருளியலாளர்கள் மார்க் வாக்கரும் ஜான் வூடர்ஸும் விம்பிள்டன் போன்ற பெரிய டென்னிஸ் ஆட்டங்களை எடுத்து ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். சர்வீஸை இடப்பக்கம் போட்டாலும் வலப்பக்கம் போட்டாலும் வெற்றி விகிதம் ஏறக்குறையச் சமமாகவே இருந்தது, கலவை சரி. ஆனால் ஒரு பிசகு. ஆட்டக்காரர்கள் பக்கத்தை அளவுக்கு மீறி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2009இல் கென்னத் கோவாஷும் ஸ்டீவன் லெவிட்டும் அமெரிக்கக் கால்பந்தின் 1,25,000 ஆட்டத் தேர்வுகளை அலசினார்கள். அணிகள் எறிய வேண்டிய அளவுக்கு எறியவில்லை, ஓட்டத்தையே அதிகம் நம்புகின்றன என்பது ஒரு முடிவு. ஒரு முறை எறிந்தால் அடுத்த முறை ஓடுவதற்குச் சாய்கிறார்கள், ஓடினால் எறிவதற்கு என்பது இன்னொன்று. பல கோடி டாலர் புரளும் தொழில்முறை அணிகளே ஒத்தை-ரெட்டை-ஒத்தை-ரெட்டை பையன்தான்.

தற்செயலை மனதால் உண்டாக்க முடியாது. "இப்போதுதானே பிளிட்ஸ் ஆடினோம், உடனே மறுபடியுமா?" என்று மனம் தயங்கும். உண்மையான தற்செயலில் மூன்று பிளிட்ஸ் அடுத்தடுத்து வருவது சகஜம். இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. திரையில் ஓடும் ஆட்டக் கடிகாரத்தைச் சட்டென்று பார்த்து, கடைசி எண் 0, 1, 2, 3 என்றால் பிளிட்ஸ், மற்றதென்றால் பொறுமை. எதிராளியும் அதே கடிகாரத்தைத்தான் பார்க்கிறார், ஆனால் எந்த எண்கள் என்று அவருக்கு என்ன தெரியும்?

கடிகாரத்தைப் பார்ப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. 2020 டிசம்பர் 6 அன்று, அதுவரை ஆடிய 11 ஆட்டங்களிலும் தோற்றிருந்த நியூயார்க் ஜெட்ஸ் அணி லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்கு எதிராக 28-24 என்று முன்னிலையில் இருந்தது. மிச்சம் 13 நொடி. ரெய்டர்ஸ் ஜெயிக்க 46 யார்டு தாண்டி இலக்குக் கோட்டுக்குப் போயாக வேண்டும். இருபது, முப்பது யார்டு கிடைத்துப் புண்ணியமில்லை. ஜெட்ஸின் தடுப்புப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸ் கடைசிக் காவலே வைக்காமல் முழு பிளிட்ஸ் சொன்னார். டெரெக் கார் எறிந்த பந்து ஹென்றி ரக்ஸ் கையில் கோட்டுக்குள் விழுந்தது. 31-28. மறுநாளே வில்லியம்ஸுக்கு வேலை போயிற்று.

சராசரியில் அந்த பிளிட்ஸ் அவ்வளவு மோசமாக இருந்திருக்க வேண்டியதில்லை. தவறு சிதறலில் இருந்தது. பிளிட்ஸ் விளைவுகளை இரு கோடிக்கும் தள்ளுகிறது: பெரிய லாபமும் கூடும், பெரிய நட்டமும் கூடும், நடுவில் உள்ளவை மெலியும். பின்தங்கியிருப்பவருக்குச் சிதறல் நண்பன். நான்கு புள்ளி முன்னால் இருந்துகொண்டு, நடுத்தர நட்டங்களால் ஒரு கெடுதலும் வராது என்ற நிலையில், அந்தக் கோடி நட்டம் ஒன்றுக்கு மட்டும் கதவு திறந்துவைப்பதை எந்தக் கலவைக் கணக்கும் நியாயப்படுத்தாது. மேடன் ஆடப் பழகுபவர்கள் கடைசி நிமிடத்தில் இதையே செய்து ஆட்டத்தைக் கோட்டைவிடுகிறார்கள். அவர்களுக்கு வேலை போவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

தேர்ந்தவர்கள் பிளிட்ஸ் ஆடும்போது அவர்கள் கைகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். பாய்கிற ஆளை அவர்கள் இயக்குவதேயில்லை. பாய்வதற்கு விதி போதும், நிரலே பார்த்துக்கொள்ளும். அவர்கள் பிடித்துக்கொள்வது, பாய்ந்தவர்கள் காலிசெய்துவிட்டுப் போன நடுப்பகுதியில் தனியாக நிற்கும் ஒரு லைன்பேக்கரை. அவசரத்தில் எறியப்படும் குறுகிய பந்து அங்கேதான் வரும். நிரலை ஏமாற்றும் வேலையை நிரலிடம் விட்டுவிட்டு, மனிதரை ஏமாற்றும் வேலையைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த ஏமாற்று வேலைக்கு எதிர்வேலையாக ஒருவர் செய்ததை இன்றும் மேடன் வட்டாரத்தில் பேசுகிறார்கள். 2020இல் நடந்த 'மேடன் பவுல்' போட்டியில் 'ஜோக்' என்ற பட்டப்பெயரில் ஆடியவர், சம்பள வரம்புக்குள் அணியைக் கட்ட வேண்டியிருந்ததால், குவாட்டர்பேக்குக்குச் செலவு செய்யவேயில்லை. மிச்சப்பட்டதை மற்ற இடங்களில் போட்டார். குவாட்டர்பேக் நிற்க வேண்டிய இடத்தில் பந்தை உதைப்பதற்கென்று இருக்கும் ஓர் ஆட்டக்காரரை நிறுத்தினார். எறிவதைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டு, ஓட்டத்தாலேயே கோப்பைவரை போய்ச் சேர்ந்தார். எதிராளிகள் லேபில் மணிக்கணக்காகத் தீட்டிவந்த பிளிட்ஸ்கள், பந்தை எறியவே போகாத ஓர் ஆளைத் தேடிப் பாய்ந்துகொண்டிருந்தன.